கைகளில் வாழ்ந்த மொழி

நுழையும்முன்

மொழி என்றவுடன் நம் நினைவுக்கு வருபவை நாவும் செவியும். ஒலியே கேளாத ஒருவருக்குத் தாய்மொழி என ஒன்று உண்டா? உண்டு என்பதைத் தம் வாழ்வால் மெய்ப்பித்தவர் லாரன்ட் கிளெர்க். பிரான்சு நாட்டுச் சிற்றூரில் பிறந்து, கடல் கடந்து அமெரிக்காவில் காதுகேளாதோர் கல்விக்கு வித்திட்ட அவருடைய வரலாறே இப்பாடம்.

ஊமை கண்ட கனாப்போல என்றொரு வழக்கு தமிழில் நெடுங்காலமாக உண்டு. கண்டதை எடுத்துரைக்க வழியின்றித் தவிக்கும் நிலையைக் குறிக்க அதனை ஆள்வர். அவ்வழக்கைப் படைத்தவர்கள் செவித்திறன் உடையவர்கள் என்பதில் ஐயமில்லை. கனவு கண்டவரிடம் சொல்வதற்குரிய மொழி இல்லை என்று அது முடிவு கட்டிவிடுகிறது. மொழி அவரிடம் இருந்து, எதிரில் இருப்பவர் அதனை அறியாதிருக்கலாம் என்பதை அது எண்ணிப் பார்க்கவில்லை. மேலைநாட்டாரும் பன்னூறு ஆண்டுகள் இவ்வாறே கருதினர். பேச்சு இல்லாதவனிடம் சிந்தனையும் இல்லை என்பது அவர்தம் துணிபு. அத்துணிபைத் தகர்த்தவர்களுள் முதல் வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர் கிளெர்க்.

சைகை எவர்க்கும் புதிதன்று. தொல்காப்பியர் உள்ளத்து உணர்வு உடலில் வெளிப்படுவதை விளக்க மெய்ப்பாட்டியல் என ஓர் இயலையே வகுத்தார். நாமக்கல்லில் லாரிகளுக்குக் கூண்டு கட்டும் பட்டறைகளில், சம்மட்டி ஓசைக்கு நடுவே தொழிலாளர் கையசைவால் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வர். ஆயினும் அவை பேச்சுக்குத் துணையாக நிற்பவை. ஓசை அடங்கியதும் அவற்றின் தேவையும் முடிந்துவிடும். சைகைமொழி அத்தகையதன்று. அதற்குத் தனிச் சொல்வளம் உண்டு. தனி இலக்கணம் உண்டு. நகைச்சுவையும் சினமும் செய்யுளும் உண்டு. இவ்வேறுபாட்டை மனத்திற்கொண்டால்தான் கிளெர்க் எதற்காக வாழ்ந்தார் என்பது விளங்கும்.

பிறப்பும் இளமையும்

கொல்லிமலையின் அடிவாரத்தே சேந்தமங்கலம் அமைந்திருப்பதுபோல, பிரான்சு நாட்டின் தென்கிழக்கே பாறைக்குன்றுகளின் அடியில் அமைந்த சிற்றூர் லா பால்ம். ரோன் ஆறு அதனருகே ஓடுகிறது. அங்குள்ள குகைகள் பெயர்பெற்றவை. அவ்வூரில் 1785ஆம் ஆண்டு திசம்பர் 26ஆம் நாள் லாரன்ட் கிளெர்க் பிறந்தார். தந்தையார் அவ்வூரின் தலைவராகவும் பத்திரப் பதிவு அலுவலராகவும் விளங்கியவர். குடும்பத்தில் வறுமை இல்லை.

ஓராண்டுக் குழந்தையாக இருந்தபோது, அடுப்பங்கரையில் நாற்காலியில் அமர்த்தப்பட்டிருந்த கிளெர்க் தவறித் தீயில் விழுந்தார். வலக் கன்னம் வெந்தது. அவருக்குச் செவிப்புலனும் மோப்பப்புலனும் இல்லை என்பது பின்னர்த் தெரியவந்தது. அவ்விபத்தால் நேர்ந்ததா, பிறவியிலேயே அமைந்ததா என்பதைப் பெற்றோரால் உறுதியாகச் சொல்ல இயலவில்லை. மருத்துவர் பலரிடம் கொண்டு சென்றனர். காதுக்குள் மருந்து நீரைச் செலுத்தும் மருத்துவம் நாள்தோறும் நடந்தது. குழந்தைக்கு வலி மிகுந்ததே அன்றிப் பயன் விளையவில்லை.

பன்னிரண்டு அகவை வரை கிளெர்க் பள்ளி செல்லவில்லை. மாடுகளை மேய்ப்பதும் கோழிகளுக்கு இரையிடுவதும் ஊரைச் சுற்றிவருவதுமாக அவர்தம் இளமை கழிந்தது. வீட்டார் சில சைகைகளை அமைத்துக்கொண்டனர். பசி, உறக்கம், வா, போ என்னும் அளவோடு அவை நின்றன. நேற்று நடந்ததைச் சொல்லவோ, நாளை நடக்கவிருப்பதைக் கேட்கவோ அவை போதவில்லை. அன்பும் வசதியும் நிறைந்த வீட்டில், உரையாடல் மட்டும் இல்லை. காதுகேளாத குழந்தைகள் பலருக்கு இன்றும் நேர்வது இதுவே.

பாரிசுப் பள்ளி

1797ஆம் ஆண்டு, கிளெர்க்கின் பெயரையே கொண்ட அவருடைய சிற்றப்பா அவரைப் பாரிசு நகருக்கு அழைத்துச் சென்று, அங்கிருந்த காதுகேளாதோர் தேசியப் பள்ளியில் சேர்த்தார். அப்பள்ளியின் வரலாறு அறியத்தக்கது. ஏறத்தாழ 1760ஆம் ஆண்டளவில், லெப்பே அடிகளார் என்னும் கிறித்துவத் துறவி காதுகேளாத இரு சகோதரிகளைக் கண்டார். அவர்கள் கைகளால் பேசிக்கொண்டதைப் பிறர் வெற்றசைவு என ஒதுக்கினர். அடிகளாரோ அதில் ஒரு மொழியின் சாயலைக் கண்டார். கற்பிக்க வந்தவர் முதலில் மாணவரிடம் கற்றார். பின்னர்த் தம் செலவிலேயே பள்ளி நடத்தினார். ஏழைப் பிள்ளைகளிடம் அவர் கட்டணம் பெறவில்லை. தம் முறையை மறைத்து வைக்கவும் இல்லை. 1789இல் அவர் மறைந்தபின் சிக்கார் அடிகளார் அப்பொறுப்பை ஏற்றார்.

கிளெர்க்குக்கு முதலில் வாய்த்த ஆசிரியர் ழான் மாசியூ. அவருக்கு அப்போது 25 அகவை, அவரும் காதுகேளாதவர். அவருடன் பிறந்தோர் அனைவரும் காதுகேளாதோரே. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த சிறுவர், சிக்காரிடம் கல்வி பெற்று ஆசிரியரானார். பிரெஞ்சுப் புரட்சியின் கொந்தளிப்பில், 1792இல், சிக்கார் சிறைப்பட்டபோது, மாணவர்களை உடன் அழைத்துச் சென்று, தம் ஆசிரியரை விடுவிக்குமாறு சட்டமன்றத்தில் எழுத்து வழியே முறையிட்டவர் மாசியூ. இத்தகைய ஒருவரைத் தம் முதல் ஆசிரியராகக் கண்ட சிறுவனின் உள்ளம் எவ்வாறு இருந்திருக்கும்! தம்மைப் போன்ற ஒருவர் கற்றறிந்தவராய், பிறரால் மதிக்கப்படுபவராய், தம் கைமொழியிலேயே பாடம் சொல்பவராய் எதிரே நின்றார். வீட்டில் பன்னிரண்டு ஆண்டுகளில் கிட்டாதது அவ்வகுப்பறையில் கிட்டியது. இருவருக்கும் இடையே அரும்பிய நட்பு வாழ்நாள் முழுவதும் நீடித்தது.

மாணவர்கள் கிளெர்க்குக்கு ஒரு பெயர் சூட்டினர். காதுகேளாதோர் சமூகத்தில் ஒவ்வொருவருக்கும் கையால் காட்டும் பெயர் ஒன்று உண்டு. எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டாமல் ஒரே அசைவில் ஆளைச் சுட்டுவது அது. கிளெர்க்கின் வலக் கன்னத் தழும்பை நினைவூட்டும் வகையில், சுட்டுவிரலும் நடுவிரலும் கன்னத்தை உரசிச் செல்வதே அவருடைய பெயராயிற்று. பிறர் வடு என்று கருதுவதை அவர்கள் அடையாளமாகக் கொண்டனர். அதில் ஏளனம் இல்லை.

பள்ளி வாழ்வில் கசப்பும் இருந்தது. வாய்ப்பேச்சுக் கற்பிக்க நியமிக்கப்பட்ட துணையாசிரியர் ஒருவர், சில ஒலிகளைக் கிளெர்க் சரியாக எழுப்பவில்லை என்று சினந்து, அவருடைய மோவாயின்கீழ் ஓங்கிக் குத்தினார். பற்களுக்கிடையே நாக்கு அகப்பட்டுக் குருதி வழிந்தது. இனி வாய்ப்பேச்சுக் கற்பதில்லை என்று அச்சிறுவர் அன்றே உறுதி பூண்டார். அவ்வுறுதியிலிருந்து அவர் இறுதிவரை பிறழவில்லை. தாம் கேட்க இயலாத ஒலியைப் பிறருக்காக எழுப்புவதைவிட, தாம் காண இயலும் மொழியில் கற்பதே மேல் என்பது அவர்தம் வாழ்நாள் கொள்கையாக நிலைபெற்றது. கிளி போலச் சில சொற்களை ஒலிக்கப் பழகுவது கல்வி ஆகாது. இதனை அவர் நூலில் கற்கவில்லை, அடிபட்டு அறிந்தார்.

கல்வியில் அவர் விரைந்து முன்னேறினார். பிரெஞ்சு மொழியைப் பிழையின்றி எழுதவும் நூல்களை ஆழ்ந்து பயிலவும் தேர்ந்தார். 1806இல் அப்பள்ளியிலேயே துணையாசிரியரானார். பின்னர் மேல்வகுப்புக்கு ஆசிரியராக உயர்ந்தார்.

இலண்டனில் ஒரு சந்திப்பு

1815ஆம் ஆண்டு நெப்போலியன் மீண்டும் ஆட்சியைக் கைப்பற்றினார். அரச குடும்பத்தின் ஆதரவாளரான சிக்கார் மாசியூவையும் கிளெர்க்கையும் அழைத்துக்கொண்டு இலண்டன் சென்றார். அங்கே அவர்கள் பொதுமக்கள் முன்னிலையில் தம் கல்விமுறையை விளக்கிக் காட்டினர். அவையோர் கடினமான வினாக்களை விடுப்பர். சிக்கார் அவற்றைச் சைகையில் பெயர்ப்பார். மாசியூவும் கிளெர்க்கும் கரும்பலகையில் விடை எழுதுவர். நன்றியுணர்வு, காலம், ஆன்மா போன்ற கட்புலனாகாப் பொருள்களைப் பற்றி அவர்கள் எழுதியதைக் கண்டு அவை வியந்தது. இக்காலத்தில் எண்ணிப் பார்த்தால், மனிதரைக் காட்சிப்பொருளாக்கும் ஒரு கூறு அதில் இருந்ததை மறுப்பதற்கில்லை. எனினும் காதுகேளாதோர் சிந்திக்க வல்லவர் என்பதை நம்பாத உலகுக்கு வேறு சான்று எதுவும் அன்று எடுபட்டிருக்காது.

அந்த அவையில் அமெரிக்க இளைஞர் ஒருவர் இருந்தார். அவர் பெயர் தாமஸ் ஹாப்கின்ஸ் காலடெட். கனெக்டிகட் மாநிலத்து ஹார்ட்ஃபோர்டு நகரைச் சேர்ந்த சமயக் கல்வி பயின்றவர். அந்நகரில் வாழ்ந்த மருத்துவர் மேசன் காக்ஸ்வெல்லின் மகள் ஆலிஸ், இரண்டு அகவையில் காய்ச்சலால் செவித்திறனை இழந்தவள். அமெரிக்காவில் அவளுக்கு ஏற்ற நிலையான பள்ளி ஒன்றுகூட அன்று இல்லை. ஒருநாள் அச்சிறுமிக்குத் தம் தொப்பியைக் காட்டி, அதன் பெயரை மண்ணில் எழுதிக் கற்பித்தார் காலடெட். அவள் உடனே புரிந்துகொண்டாள். அக்கணத்தில் தோன்றிய எண்ணமே அவரை ஐரோப்பாவுக்கு அனுப்பியது. ஊர்ப் பெரியோர் பொருள் திரட்டித் தந்தனர்.

பிரித்தானியாவில் பிரெய்டுவுட் குடும்பத்தார் வாய்ப்பேச்சு முறைப் பள்ளிகளை நடத்திவந்தனர். தங்களிடம் சில ஆண்டுகள் பணியாற்ற வேண்டும், முறையை வெளியிடக் கூடாது என்று அவர்கள் நிபந்தனை விதித்தனர். கல்வியை வணிகச் சரக்காக்கும் அப்போக்குக் காலடெட்டுக்கு உடன்பாடாகவில்லை. சிக்காரோ எவ்வித நிபந்தனையுமின்றிப் பாரிசுக்கு அழைத்தார். 1816இல் அங்குச் சென்ற காலடெட், சில வாரங்கள் பயின்றவுடனேயே ஓர் உண்மையை உணர்ந்தார். இம்மொழியைச் சில திங்களில் கற்றுக்கொண்டு தனியே திரும்பிப் பள்ளி தொடங்குவது இயலாது. அதனைத் தாய்மொழிபோல் ஆள்பவர் ஒருவர் உடன்வர வேண்டும். கிளெர்க்கை வருமாறு வேண்டினார்.

கிளெர்க்குக்கு அப்போது 30 அகவை. ஆங்கிலம் அறியார். பாரிசில் நிலையான பணி. நண்பர் சூழ்ந்த வாழ்வு. சிக்கார் தம் சிறந்த ஆசிரியரை இழக்கத் தயங்கினார். ஊருக்குச் சென்று விடைபெற்றபோது தாயார் கண்ணீரோடு தடுத்தார். இத்தனைக்கும் பிறகு அவர் புறப்பட்டார். மூன்றாண்டு ஒப்பந்தம் எழுதப்பட்டது. மூன்றாண்டு கழித்துத் திரும்பிவிடுவதே அவர் எண்ணமாக இருந்தது.

ஐம்பத்திரண்டு நாள் வகுப்பறை

1816ஆம் ஆண்டு சூன் 18ஆம் நாள் மேரி அகஸ்டா என்னும் பாய்மரக் கப்பலில் இருவரும் ஏறினர். 52 நாள் பயணம். அக்கப்பலின் தளமே இருவருக்கும் வகுப்பறையாயிற்று. கிளெர்க் காலடெட்டுக்குச் சைகைமொழி கற்பித்தார்; காலடெட் கிளெர்க்குக்கு ஆங்கிலம் கற்பித்தார். ஆசிரியரும் மாணவரும் நாள்தோறும் இடம் மாறிக்கொண்டனர். புதிதாகக் கற்ற ஆங்கிலத்திலேயே கிளெர்க் நாட்குறிப்பு எழுதினார். காலடெட் பிழைகளைத் திருத்தித் தந்தார். ஆகத்து 9ஆம் நாள் கப்பல் நியூயார்க் துறையை அடைந்தபோது, கிளெர்க்கால் ஆங்கிலத்தில் எழுதி உரையாட முடிந்தது.

ஹார்ட்ஃபோர்டில் ஆலிஸைக் கண்டார். அவளுக்கு அப்போது ஏறத்தாழ 11 அகவை. அவளை முதல் மாணவியாகக் கொண்டு தொடங்கவேண்டிய பள்ளிக்குப் பொருள் தேவைப்பட்டது. இருவரும் பாஸ்டன் முதலிய நகரங்களுக்குச் சென்றனர். கிளெர்க் ஆங்கிலத்தில் உரை எழுதுவார். காலடெட் அதனை அவையில் படிப்பார். அவையோர் எழுப்பும் வினாக்களுக்குக் கிளெர்க் உடனுக்குடன் எழுத்தில் விடையளிப்பார். காதுகேளாத ஒருவர் இரண்டாம் மொழியில் தருக்கம் செய்வதை அவர்கள் அதுவரை கண்டதில்லை. பணம் சேர்ந்தது, தனியார் கொடை மட்டும் ஏறத்தாழ 12,000 டாலர். கனெக்டிகட் சட்டமன்றம் 5,000 டாலர் வழங்கியது.

1817ஆம் ஆண்டு ஏப்பிரல் 15ஆம் நாள், வாடகைக் கட்டடம் ஒன்றில், ஏழு மாணவரோடு பள்ளி திறக்கப்பட்டது. ஓராண்டுக்குள் அவ்வெண்ணிக்கை முப்பதைக் கடந்தது. மாணவர் என்றதும் சிறுவர் என எண்ணிவிடக் கூடாது. ஜான் புருஸ்டர் என்னும் ஓவியர் தம் 51ஆம் அகவையில் அங்குச் சேர்ந்தார். ஊர் ஊராகச் சென்று செல்வந்தரின் உருவங்களைத் தீட்டிப் பொருளீட்டியவர், காதுகேளாதவர். தம்மைப் போன்றோருடன் கைமொழியில் பேசும் வாய்ப்புக்காக அவர் அரை நூற்றாண்டு காத்திருந்தார் எனலாம்.

1818இல் கிளெர்க் தலைநகர் வாசிங்டன் சென்றார். பேரவைத் தலைவர் ஹென்றி கிளே அவரை அவைக்கு வரவேற்றுத் தம் அருகே அமரச் செய்தார். குடியரசுத் தலைவர் மன்றோவையும் கிளெர்க் சந்தித்தார். அடுத்த ஆண்டு நாடாளுமன்றம் அப்பள்ளிக்கு அலபாமா பகுதியில் ஏறத்தாழ 23,000 ஏக்கர் நிலத்தை வழங்கியது. அந்நிலத்தை விற்று வந்த தொகை பள்ளியின் அடித்தளமாயிற்று.

மொழி வேரூன்றியது

கிளெர்க் வகுப்பறைக்குக் கொண்டுவந்தது ஒருவகை மொழி. அங்கே வளர்ந்தது வேறொன்று. இதனைச் சற்று விரித்துரைப்பது தகும். லெப்பே அடிகளார் இயல்பான சைகைகளோடு பிரெஞ்சு இலக்கணத்தைக் காட்டும் செயற்கைச் சைகைகள் பலவற்றைச் சேர்த்திருந்தார். தமிழில் ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்கலாம். சிறுவன் மரத்திலிருந்து விழுந்தான் என்னும் தொடரில் ஐந்தாம் வேற்றுமை உருபுக்கு ஒரு சைகை, இறந்தகால இடைநிலைக்கு ஒரு சைகை, ஆண்பால் விகுதிக்கு ஒரு சைகை எனக் காட்டினால் எவ்வாறிருக்கும்? கை ஓயுமே தவிரக் காட்சி தோன்றாது. காதுகேளாதோர் தமக்குள் பேசும்போது அவ்வாறு செய்வதில்லை. ஒரு கையை நிமிர்த்தி மரமாக நிறுத்துவர். மறு கையின் இரு விரல்களை அதன் உச்சியில் கால்களாக ஊன்றிக் கீழே புரண்டு விழச் செய்வர். எழுவாயும் இடமும் வினையும் ஒரே நேரத்தில் கண்முன் நிற்கும். பேச்சுமொழி சொல்லுக்குப்பின் சொல்லாகக் காலத்தில் நீள்கிறது. சைகைமொழி இடத்தில் விரிகிறது.

ஹார்ட்ஃபோர்டில் முதலில் செயற்கைச் சைகைகளே பாடத்தில் ஆளப்பட்டன. விரைவில் அவை தேய்ந்து வழக்கிழந்தன. மாணவர் தத்தம் ஊர்களிலிருந்து தம் சைகைகளைக் கொண்டுவந்தனர். அவர்களுள் மார்த்தாஸ் வின்யார்டு என்னும் தீவிலிருந்து வந்தோர் குறிப்பிடத்தக்கவர். பரம்பரைக் காரணத்தால் அத்தீவில் காதுகேளாதோர் மிகுதி. சில்மார்க் என்னும் ஊரில் 25 பேருக்கு ஒருவர் அவ்வாறு இருந்தனர். ஆகவே அங்குச் செவித்திறன் உடையோரும் சைகைமொழி அறிந்திருந்தனர். மீன்பிடி படகுகளிலும் கடைவீதியிலும் அது வழங்கிற்று. அத்தீவின் மொழியும், பிற ஊர்ச் சைகைகளும், கிளெர்க் கொணர்ந்த பிரெஞ்சுச் சைகைமொழியும் விடுதியிலும் உணவுக்கூடத்திலும் கலந்து, இன்று அமெரிக்கச் சைகைமொழி எனப்படும் புதுமொழி உருவாயிற்று. எந்த ஒருவரும் அதனைத் திட்டமிட்டுப் படைக்கவில்லை. கிளெர்க் அதற்கு இடமளித்தார், தடுக்கவில்லை. தாம் கொணர்ந்தது கண்ணெதிரே உருமாறக் கண்டும் அதனை ஏற்றுக்கொண்டது ஆசிரியருக்கு அரிதாய் வாய்க்கும் பண்பு.

அவருடைய இல்வாழ்க்கை அன்று பெருஞ்செய்தியாயிற்று. 1819ஆம் ஆண்டு மே 3ஆம் நாள் தம் பள்ளியில் பயின்ற எலிசா போர்டுமன் என்னும் காதுகேளாத மங்கையை மணந்தார். காதுகேளாதோர் தமக்குள் மணம் புரிவது தகாது என்னும் எண்ணம் நண்பர் நடுவிலும் இருந்தது. கிளெர்க் அதனைப் பொருட்படுத்தவில்லை. பிறந்த பிள்ளைகள் செவித்திறன் உடையோராய் இருந்தனர். மைந்தர் ஒருவர் சமயகுருவானார். புகழ்பெற்ற ஓவியர் சார்லஸ் வில்சன் பீல் 1822இல் இணையரின் உருவங்களைத் தீட்டினார். அப்போது கிளெர்க் பிலடெல்பியா நகரில், தடுமாறிக்கொண்டிருந்த புதிய பள்ளியொன்றைச் சில திங்கள் பொறுப்பேற்று நிலைநிறுத்தினார். ஓவியத்தில் எலிசா மடியிலுள்ள குழந்தையை அணைத்தவாறு, தம் பெயரெழுத்தை விரலால் காட்டுகிறார்.

மூன்றாண்டு ஒப்பந்தம் 41 ஆண்டாக நீண்டது. இடையே மும்முறை பிரான்சு சென்றார். மும்முறையும் ஹார்ட்ஃபோர்டுக்கே திரும்பினார். அவரிடம் பயின்றோரும், அவர் பயிற்றிய ஆசிரியரும் மாநிலந்தோறும் பள்ளிகளைத் தொடங்கினர். இந்தியானா மாநிலப் பள்ளியை நிறுவிய வில்லியம் வில்லர்டு ஹார்ட்ஃபோர்டில் பயின்ற காதுகேளாதவர். 1870ஆம் ஆண்டளவில் அமெரிக்கப் பள்ளிகளில் பணியாற்றிய ஆசிரியருள் ஐந்தில் இரு பங்கினர் காதுகேளாதோராக இருந்தனர். இவ்வெண்ணே கிளெர்க்கின் பணிக்கு நிறைவான அளவுகோல்.

எனினும் ஒன்றைக் குறிப்பிடாமல் செல்வது நேர்மையாகாது. ஹார்ட்ஃபோர்டு பள்ளிக்குக் கிளெர்க் ஒருபோதும் தலைமையாசிரியர் ஆக்கப்படவில்லை. 1830இல் காலடெட் பதவி விலகியபோதும், அதற்குப் பின்னரும், செவித்திறன் உடையோரே அப்பொறுப்பில் அமர்த்தப்பட்டனர். பள்ளியின் உயிராக விளங்கியவருக்குப் பள்ளியின் தலைமை எட்டவில்லை. காதுகேளாதோரோ தம் நன்றியை வேறு வகையில் காட்டினர். 1850ஆம் ஆண்டு செப்டம்பரில் பல மாநிலங்களிலிருந்து இருநூறுக்கும் குறையாதோர் ஹார்ட்ஃபோர்டில் கூடி, காலடெட்டுக்கும் கிளெர்க்குக்கும் வெள்ளிக் குடமும் தட்டும் ஒன்றுபோலவே வழங்கினர். தமக்குள் நிதி திரட்டி அவர்களே நடத்திய விழா அது. இருவரையும் ஒரே தட்டில் வைத்து மதித்ததில் அவர்தம் தீர்ப்பு அடங்கியிருந்தது.

முதுமையும் மறைவும்

1858இல், தம் 72ஆம் அகவையில், கிளெர்க் ஓய்வு பெற்றார். அக்காலத்தே காதுகேளாதோருக்கெனத் தனி மாநிலம் ஒன்று வேண்டும் என்று சிலர் வாதிட்டனர். கிளெர்க் அதற்கு இசையவில்லை. பிரிந்து வாழ்வதன்று, தம் மொழியோடு பிறர் நடுவே வாழ்வதே அவர் விரும்பியது.

1864ஆம் ஆண்டு ஏப்பிரலில், உள்நாட்டுப் போரின் நடுவே, காதுகேளாதோர்க்கான கல்லூரி பட்டம் வழங்க இசைவளிக்கும் சட்டத்தில் ஆபிரகாம் லிங்கன் கையொப்பமிட்டார். வாசிங்டனில் நடைபெற்ற தொடக்க விழாவில் 78 அகவை நிரம்பிய கிளெர்க் உரையாற்றினார். கல்லூரித் தலைவராக அமர்ந்தவர் காலடெட்டின் இளைய மகன் எட்வர்டு. காதுகேளாத தம் அன்னையிடம் சைகைமொழி கற்றவர் அவர். பிற்காலத்தில் அக்கல்லூரிக்குத் தந்தை காலடெட்டின் பெயர் சூட்டப்பட்டது.

1869ஆம் ஆண்டு சூலை 18ஆம் நாள் ஹார்ட்ஃபோர்டில் கிளெர்க் உயிர் துறந்தார், அகவை 83. அந்நகரின் ஸ்பிரிங் குரோவ் இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டார்.

மறைவுக்குப் பின்

அவர் மறைந்து பதினோராண்டுகள் கழிந்தன. 1880 செப்டம்பரில் இத்தாலியின் மிலான் நகரில் காதுகேளாதோர் கல்வி மாநாடு கூடியது. வாய்ப்பேச்சு முறையே உயர்ந்தது என்றும், பள்ளிகளிலிருந்து சைகைமொழியை நீக்கவேண்டும் என்றும் அது தீர்மானித்தது. வந்திருந்த 164 பேராளருள் காதுகேளாதவர் ஒரே ஒருவர். எட்வர்டு காலடெட் எதிர்த்துப் பேசியும் பயனில்லை. நாடுதோறும் பள்ளிகளில் கையசைத்த பிள்ளைகள் தண்டிக்கப்பட்டனர். சிலரின் கைகள் கட்டப்பட்டன. காதுகேளாத ஆசிரியர் பணியிழந்தனர். அமெரிக்காவில் ஐந்தில் இரண்டாக இருந்த அவர்தம் பங்கு, 1917இல் ஏழில் ஒன்றாகச் சுருங்கியது. கிளெர்க்கின் மோவாயில் விழுந்த குத்து ஒரு தலைமுறையின் மீதே விழுந்தது எனலாம்.

மொழி மாயவில்லை. வகுப்பறையில் தடுக்கப்பட்டது விடுதியில் வாழ்ந்தது. காதுகேளாத பெற்றோரின் பிள்ளைகள் வீட்டில் கற்றதைத் தோழருக்குக் கற்பித்தனர். 1960இல், காலடெட் கல்லூரியின் ஆங்கிலப் பேராசிரியர் வில்லியம் ஸ்டோக்கி, பேச்சுமொழியில் ஒலியன்கள் இருப்பதுபோலச் சைகைமொழியிலும் கைவடிவம், இடம், அசைவு என்னும் கூறுகள் உண்டு என்று ஆய்ந்து நிறுவினார். கிளெர்க் வாழ்ந்து காட்டியதை மொழியியல் அப்போதுதான் ஒப்புக்கொண்டது. 1988 மார்ச்சில், செவித்திறன் உடைய ஒருவரைத் தலைவராக அமர்த்தியதை எதிர்த்துக் காலடெட் பல்கலைக்கழக மாணவர் வாயிலை அடைத்துப் போராடினர். ஒரு வாரத்திற்குள் காதுகேளாதவரான கிங் ஜோர்டன் தலைவரானார். கல்லூரி தொடங்கி 124 ஆண்டுகள் கழித்து அது நிகழ்ந்தது. மிலான் தீர்மானங்களை 2010இல் வான்கூவர் மாநாடு தள்ளுபடி செய்து வருத்தம் தெரிவித்தது.

இந்தியாவிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இத்தகைய பள்ளிகள் தோன்றின. கல்கத்தாவில் 1893இல் ஒரு பள்ளி எழுந்தது. அதனை வளர்த்தோருள் ஒருவரான யாமினிநாத் பானர்ஜி வாசிங்டன் கல்லூரிக்குச் சென்று பயிற்சி பெற்றுத் திரும்பினார். பாளையங்கோட்டையில் பிளாரன்ஸ் சுவைன்சன் அம்மையார் அதே காலப்பகுதியில் தொடங்கிய பள்ளி இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஆயினும் இந்தியச் சைகைமொழி கிளெர்க் கொணர்ந்த மொழியின் கிளையன்று. 1970களின் இறுதியில் டெல்லி, கல்கத்தா, பம்பாய், பெங்களூரு ஆகிய நகரங்களில் ஆய்ந்தோர், இடத்துக்கு இடம் சொல் சிறிது வேறுபட்டாலும் இந்நாட்டுக்கெனத் தனிச் சைகைமொழி உண்டு எனக் கண்டனர். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் செவித்திறன் குறையுடையோர் 50 இலட்சத்துக்கும் மேற்பட்டோர். இந்தியச் சைகைமொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் புதுடெல்லியில் 2015இல் அமைக்கப்பட்டது. அம்மையத்தின் அகராதி 2018இல் 3,000 சொற்களோடு வெளிவந்து, 2021இல் 10,000 சொற்களாக விரிந்தது. அதன் சொற்கள் காணொளிகளாக அமைந்துள்ளன. கைகளை அசைத்துக் காட்டுவோருள் காதுகேளாதோரும் உள்ளனர்.